உங்கள் கட்டுரைக்கு மட்டும் பொருந்தும் தலைப்பு: சொல்தேர்விலிருந்து பக்க அமைப்பு வரை

கட்டுரையை எழுதி முடித்த பலரும் தலைப்புக்கு ஒதுக்குவது கடைசி அரை நிமிடம்தான். 'கல்வியின் சிறப்பு', 'இயற்கையைக் காப்போம்', 'இணையம்: ஒரு பார்வை' என்று கைக்கு வந்ததை மேலே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த மூன்றிலும் எழுத்துப்பிழை இல்லை, பொருட்பிழையும் இல்லை. ஆனால் வேறொருவர் எழுதிய கட்டுரையின் தலையில் ஒட்டினாலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

தலைப்பைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது. வைத்த தலைப்பைப் பெயர்த்தெடுத்து, அதே பொருளில் இன்னொருவர் எழுதக்கூடிய கட்டுரைக்கு மனத்துக்குள் பொருத்திப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது இன்னும் உங்கள் தலைப்பு ஆகவில்லை. கட்டுரைத் தலைப்பு, உள்ளே வரும் துணைத்தலைப்பு, பத்திக்கு இடும் தலைப்பு எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை செல்லும்.

பொருள் வேறு, தலைப்பு வேறு

ஆசிரியர் 'சுற்றுச்சூழல்' என்று கொடுத்தால் அது பொருள். அதில் எந்த மூலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்வது தலைப்பு. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொருளையே தலைப்பாக வைத்துவிடுகிறார்கள். (தேர்வில் 'பின்வரும் தலைப்பில் கட்டுரை எழுதுக' என்று கேட்டிருந்தால் மட்டும் கொடுத்ததை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள். அங்கே திறமை காட்ட இடமில்லை.)

எழுதத் தொடங்கும்போதே நல்ல தலைப்பு வேண்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தாளின் மேலே ஒரு தற்காலிகத் தலைப்பை எழுதுங்கள். அது அழகாக இருக்க வேண்டியதில்லை, முழு வாக்கியமாக இருந்தால் போதும். 'இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது…' என்று மனத்துக்குள் தொடங்கி, மீதியை எழுதுங்கள்:

இரவில் படுத்த பிறகும் கைப்பேசி பார்ப்பதால் தூக்கம் தள்ளிப்போகிறது.

இது தலைப்பு அல்ல, தலைப்புக்கான மூலப்பொருள். எழுத எழுத ஒவ்வொரு பத்தியையும் இந்த வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். கைப்பேசியின் விலை பற்றி ஒரு பத்தி வந்துவிட்டால், ஒன்று அந்தப் பத்தி போக வேண்டும், இல்லை இந்த வாக்கியம் மாற வேண்டும். முடிக்கும்போது பெரும்பாலும் கட்டுரை தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆகவே இறுதித் தலைப்பைக் கடைசியாக வையுங்கள், ஆனால் கடைசி அரை நிமிடத்தில் வேண்டாம்.

ஒரே தலைப்பு, ஆறு வடிவம்

மேலே உள்ள வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைப்பைப் படிப்படியாகச் செதுக்குவோம்.

'கைப்பேசி': இது பொருள் மட்டுமே. கைப்பேசியின் வரலாறு பற்றிய கட்டுரைக்கும் பொருந்தும், பழுதுபார்ப்பது பற்றிய கட்டுரைக்கும் பொருந்தும்.

'கைப்பேசியின் தீமைகள்': ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் பன்மையில் சொல்லிவிட்டீர்கள். கண், கழுத்து, கவனம், செலவு என்று படிப்பவர் ஒரு பட்டியலை எதிர்பார்ப்பார். கட்டுரையில் இருப்பதோ தூக்கம் ஒன்றுதான்.

'கைப்பேசியும் தூக்கமும்': இரண்டு பெயர்ச்சொல்லை 'உம்' போட்டு இணைப்பது தமிழில் மிக எளிதாகக் கைக்கு வரும் அச்சு. அதனாலேயே சற்றுச் சோம்பலான அச்சும்கூட. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும், என்ன தொடர்பு என்று சொல்லாது.

'கைப்பேசி தூக்கத்தைக் கெடுக்கிறது': தொடர்பு வந்துவிட்டது. ஆனால் எப்போது? பகலில் பேசுவதையா கட்டுரை குறை சொல்கிறது?

'படுக்கையில் கைப்பேசி': இரண்டே சொல். இடம் வந்தது, நேரமும் கூடவே வந்துவிட்டது. விளைவு இல்லை, ஆனால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார்.

'படுக்கையில் கைப்பேசி: தள்ளிப்போகும் தூக்கம்': முக்காற்புள்ளிக்கு முன்னால் காட்சி, பின்னால் கருத்து. வேறு கட்டுரைக்கு இதை ஒட்ட வேண்டுமென்றால் அந்தக் கட்டுரையும் இதையேதான் சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்புக்கோ கருத்தரங்குக்கோ எழுதினால் கடைசி வடிவத்தைத்தான் எடுப்பேன். இதழுக்கு எழுதினால் ஐந்தாவதே போதும். அங்கே கொஞ்சம் மறைத்து வைப்பதில் தவறில்லை. இந்தப் படிகளில் எங்கேயும் 'ஆபத்தான', 'அதிர்ச்சியூட்டும்' போன்ற அடைமொழிகளைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எது, எங்கே, என்ன ஆகிறது என்ற கேள்விகளுக்கு விடை சேர்ந்தது, தலைப்பு கூர்மையானது.

நீளத்துக்குக் கட்டாய விதி கிடையாது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஐந்தாறு சொல்லில் நிறையவே சொல்லிவிடலாம். பத்தைத் தாண்டினால் அது தலைப்பாக இல்லாமல் முதல் வாக்கியமாகத்தான் இருக்கும்.

வால் பகுதியை வெட்டுங்கள்

'ஒரு பார்வை', 'ஓர் அலசல்', 'சில சிந்தனைகள்', 'ஒரு கண்ணோட்டம்'. தலைப்பு சிறியதாகத் தெரிகிறதே என்ற கூச்சத்தில் சேர்க்கப்படும் வால்கள் இவை. எல்லாக் கட்டுரையும் ஒரு பார்வைதான். வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள், எதுவும் குறைந்திருக்காது. ஆய்வேட்டில் மட்டும் வால் சில சமயம் தகவல் சொல்லும். 'ஒப்பாய்வு', 'கள ஆய்வு' என்றால் என்ன முறையில் செய்தீர்கள் என்று தெரிகிறது, அதை விட்டுவையுங்கள். வால் இருந்தே தீர வேண்டுமென்றால் ஒரு, ஓர் இரண்டையும் பார்த்துப் போடுங்கள்: உயிரெழுத்துக்கு முன் 'ஓர் ஆய்வு', மெய்யோடு சேர்ந்த எழுத்துக்கு முன் 'ஒரு பார்வை'.

பழமொழித் தலைப்பும் இதே குறை உடையதுதான். சேமிப்பு என்றதும் 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று வைத்தால், படிப்பவர் கட்டுரையை ஏற்கெனவே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். எதுகை மோனையில் மயங்குவதும் அப்படியே. 'கற்றல் கனியட்டும், கவலை தணியட்டும்' என்பது பதாகையில் எழுதலாம், கட்டுரையின் தலையில் வேண்டாம்.

கேள்வித் தலைப்பை நான் எதிர்ப்பவன் அல்ல, ஆனால் விடை நிஜமாகவே திறந்திருக்க வேண்டும். 'வீட்டுப்பாடம் தேவையா?' என்பதில் இரு பக்கமும் பேச ஆள் உண்டு. 'தண்ணீர் அவசியமா?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்ட கேள்விக்குக் கட்டுரை விடை சொல்லவில்லை என்றால் அது இன்னும் மோசம். கருத்தை வலியுறுத்தும் கட்டுரை என்றால் பேசாமல் நிலைப்பாட்டையே தலைப்பாக்கலாம்: 'வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைக்கலாம்'. செய்முறை விளக்கத்துக்கு 'எப்படி?', 'செய்யும் முறை' போன்ற பழகிய வடிவமே நல்லது. அங்கே புதுமை தேடினால் தேடி வருகிறவருக்குத்தான் சிரமம். கதைபோல எழுதும் அனுபவக் கட்டுரைக்கு உள்ளே வரும் ஒரு பொருளோ இடமோ போதும், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒற்றைப் பத்திக்குத் தலைப்பிடுதல்

'பத்தியைச் சுருக்கி எழுதி ஏற்ற தலைப்பிடுக' என்ற கேள்வியைச் சந்திக்காத தமிழ் மாணவர் அரிது. பலர் பத்தியில் அதிகம் வரும் சொல்லை எடுத்துத் தலைப்பாக்கிவிடுகிறார்கள். இந்தப் பத்தியைப் பாருங்கள்:

பூக்கள் நிறைந்த இடத்தைக் கண்ட தேனீ கூட்டுக்குத் திரும்பியதும் உடலை ஆட்டி ஒருவகை நடனம் ஆடுகிறது. ஆடும் திசை, பூக்கள் சூரியனுக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைக் காட்டும். ஆட்டம் நீடிக்கும் நேரம் தூரத்தைக் காட்டும். இந்த நடனத்தின் பொருளை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

'தேனீ' என்பது மிக அகலம். 'நோபல் பரிசு' என்பது கடைசி வரிக்கு மட்டும் உரியது. 'தேனீயின் நடனம்' பரவாயில்லை, ஆனால் நடனம் எதற்காக என்பது அதில் இல்லை. மற்ற வாக்கியங்கள் எல்லாம் எந்த ஒரு கருத்தைத் தாங்கி நிற்கின்றன என்று கேளுங்கள்: தேனீ நடனத்தால் வழி சொல்கிறது. இதைத் தலைப்பாக்க ஒரு சின்ன வேலை போதும். வினைமுற்றைப் பெயரெச்சமாக்கி, எழுவாயைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். 'நடனத்தால் வழி சொல்லும் தேனீ' என்று வந்து நிற்கும்.

இந்த ஒரு திருப்பம் தெரிந்திருந்தால் எந்த வாக்கியத்தையும் தலைப்பாக்கிவிடலாம். முன்னே 'தூக்கம் தள்ளிப்போகிறது' என்பது 'தள்ளிப்போகும் தூக்கம்' ஆனதும் இதே வழியில்தான்.

துணைத்தலைப்பு எப்போது, எத்தனை

ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பு வைக்கத் தேவையில்லை. ஒரு பக்கக் கட்டுரைக்குத் துணைத்தலைப்பே வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூன்று நான்கு பக்கத்தைத் தாண்டினாலோ, அறிக்கை, வழிகாட்டி மாதிரி நடுவிலிருந்து தேடிப் படிக்கும் எழுத்தாக இருந்தாலோதான் அது உதவும். அப்போதும் ஒரு துணைத்தலைப்பின் கீழ் இரண்டு மூன்று பத்திகள் இருக்கட்டும். ஒரு பகுதியைப் பிரித்தால் இரண்டாகவாவது பிரிய வேண்டும். ஒரே ஒரு துணைத்தலைப்பு மட்டும் தனியாக நின்றால் எதையும் பிரிக்கவில்லை என்று பொருள், எடுத்துவிடுங்கள்.

ஒரே மட்டத்தில் இருக்கும் தலைப்புகள் ஒரே அச்சில் இருப்பது நல்லது. திருக்குறளின் 133 அதிகாரப் பெயர்களைத் தலைப்பு எழுதப் பழகுகிறவர் ஒருமுறை வரிசையாகப் படிக்க வேண்டும். அன்புடைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை என்று ஒரு வரிசை. வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று இன்னொரு வரிசை. எது வேண்டும், எது கூடாது என்பது குறளுக்குள் போகுமுன்பே சொல்லின் ஈற்றிலேயே தெரிந்துவிடுகிறது. நம் கட்டுரையில் 'காரணங்கள்', 'இதை எப்படித் தடுக்கலாம்?', 'விளைவுகளைப் பார்ப்போம்' என்று மூன்று விதமாக வந்தால் மூன்று பேர் எழுதியது போல இருக்கும். 'காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள்' என்றால் அச்சு சேர்ந்துவிட்டது.

ஆனால் பெயர்த்து ஒட்டும் சோதனையில் இவை தேறாது, 'காரணங்கள்' எந்தக் கட்டுரைக்கும் பொருந்துமே என்று நீங்கள் கேட்கலாம். துணைத்தலைப்பு தனியாக நிற்பதில்லை, மேலே பெரிய தலைப்பு இருக்கிறது. எனவே சோதனையைக் கட்டுரைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம்: இதே கட்டுரையின் வேறு பகுதிக்குப் பொருந்தாமல் இருந்தால் போதும். நீண்ட அறிக்கையில் 'காரணங்கள்' என்பதை 'திரை வெளிச்சமும் உறக்க நேரமும்' என்று இன்னும் குறிப்பாக ஆக்கினால், பொருளடக்கத்தைப் பார்த்தே பாதி விஷயம் புரிந்துவிடும்.

துணைத்தலைப்புக்கு அடுத்த வாக்கியம் அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. 'திரை வெளிச்சம்' என்று தலைப்பு வைத்துவிட்டு 'இது உடலின் கடிகாரத்தைக் குழப்புகிறது' என்று தொடங்குவது மிகப் பரவலான பழக்கம். எது? தலைப்பைக் கையால் மறைத்துப் படித்தால் அந்த 'இது' அந்தரத்தில் நிற்கும். 'திரையிலிருந்து வரும் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைக் குழப்புகிறது' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

ஒற்றும் நிறுத்தக்குறியும்

பெரிய எழுத்தில் இருப்பதால் தலைப்பில் உள்ள சந்திப்பிழை பளிச்சென்று தெரியும். 'கட்டுரை தலைப்பு' அல்ல, 'கட்டுரைத் தலைப்பு'. 'எழுத்து பிழைகள்' அல்ல, 'எழுத்துப் பிழைகள்'. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: 'நான் படித்தப் புத்தகம்' என்று தேவையில்லாத இடத்தில் ஒற்றைத் திணிப்பது. 'படித்த' பெயரெச்சம், அதன்பின் வலி மிகாது. 'நான் படித்த புத்தகம்' என்றே எழுதுங்கள். முக்காற்புள்ளி வந்தால் அங்கே சந்தி முறிந்துவிடும், அதற்குமுன் ஒற்று வேண்டாம்: 'தூக்கக் குறைவு: காரணங்கள்'. ஆனால் தலைப்பு இரண்டு வரியாக உடைந்தால் ஒற்று அப்படியே முதல் வரியின் கடைசியில் நிற்கட்டும். வரி மாறியதால் இலக்கணம் மாறாது.

தலைப்பின் இறுதியில் முற்றுப்புள்ளி கிடையாது. வினாக்குறி தேவையானால் உண்டு. வியப்புக்குறியை மறந்துவிடுங்கள். உங்கள் சொந்தத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டாம், பிறருடைய நூலின் பெயர் தலைப்புக்குள் வந்தால் அதற்கு மட்டும் குறி போதும்.

பக்கத்தில் அமைத்தல்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. எனவே தலைப்பைத் தனித்துக் காட்ட அளவு, தடிமன், இடைவெளி என்ற மூன்றே கருவிகள். பத்திகளின் எழுத்தளவு 12 புள்ளி (பாயின்ட்) என்றால் தலைப்பு 16 முதல் 18 வரை, துணைத்தலைப்பு 14, அதற்கும் உள்ளே ஒன்று வேண்டுமென்றால் 12 புள்ளியிலேயே தடித்த எழுத்து. இது சட்டமல்ல, ஆனால் இதை வைத்துத் தொடங்கினால் பக்கம் கெடாது.

அடிக்கோடு கையெழுத்துக்கும் தட்டச்சு இயந்திரத்துக்கும் சரி. கணினியில் போட்டால் கோடு து, று, ழ, ஞ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டு போகும். கையால் எழுதும்போது கோட்டைச் சற்றுக் கீழே இறக்கிப் போடுங்கள். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்படவில்லை, மென்பொருள் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துவிடுகிறது. தடித்த எழுத்தும் எழுத்துருவிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் வலிந்து தடிக்க வைக்கும், ண, ணை போன்றவற்றின் சுழி அடைந்துபோகும். லதா, நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் தடித்த வடிவம் தனியாகவே இருக்கிறது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி அகலமாக்குவதையும் தவிருங்கள். 'கொ' ஒரே எழுத்து, அதன் மூன்று துண்டும் பிரிந்து நின்றால் படிக்க முடியாது.

தலைப்பு நடுவில் நிற்கலாம், இடப்பக்கமும் நிற்கலாம். துணைத்தலைப்புக்கு இடப்பக்கம் நல்லது. இரு ஓரமும் சமமாக நிரப்பும் அமைப்பைத் தலைப்புக்குக் கொடுக்காதீர்கள், இரண்டு வரியானால் முதல் வரியின் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டை விழலாம். இரண்டு வரியாக உடைக்க நேர்ந்தால் பொருள் முடியும் இடத்தில் நீங்களே உடையுங்கள். 'படுக்கையில் கைப்பேசி:' ஒரு வரி, 'தள்ளிப்போகும் தூக்கம்' ஒரு வரி. 'தள்ளிப்' மேலும் 'போகும்' கீழும் போய்விடக் கூடாது.

இடைவெளிதான் பலர் கவனிக்காதது. துணைத்தலைப்புக்கு மேலே அதிக இடமும் கீழே குறைந்த இடமும் விடுங்கள், மேலே 18 புள்ளி, கீழே 6 என்பது போல. இரண்டும் சமமாக இருந்தால் தலைப்பு முந்தைய பத்திக்கு உரியதா, அடுத்ததற்கு உரியதா என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தின் கடைசி வரியில் தலைப்பு மட்டும் தனியாகத் தங்கி, பத்தி அடுத்த பக்கத்துக்குப் போவதும் இதே வகைத் தவறு. வேர்டில் பத்தி அமைப்புக்குள் 'கீப் வித் நெக்ஸ்ட்' என்ற தெரிவு இருக்கிறது, அதைப் போட்டால் தலைப்பு தன் பத்தியை விட்டுப் பிரியாது.

ஸ்டைல் வழியாகச் செய்யுங்கள்

சொல்லைத் தேர்ந்து, பெரிதாக்கி, போல்ட் அழுத்திவிட்டால் பார்வைக்குத் தலைப்பு ஆகிவிடும். கணினிக்கு அது இன்னும் சாதாரண வரிதான். அதற்குப் பதிலாக ஸ்டைல் பட்டியலில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் வேர்ட், கூகுள் டாக்ஸ் இரண்டிலும் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு 1, 2, 3 அழுத்தினாலே போதும். பொருளடக்கத்தைத் தானாக உருவாக்க முடியும், ஓரத்தில் கட்டுரையின் எலும்புக்கூடு தெரியும், எல்லாத் துணைத்தலைப்பின் அளவையும் ஒரே இடத்தில் மாற்றலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களில் 'எச்' விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். வெறும் போல்ட் போட்ட வரியை அவை தலைப்பாக எண்ணாது, தாண்டிப் போய்விடும்.

மட்டங்களை வரிசையாக இறக்குங்கள். ஹெடிங் 2க்குப் பிறகு, எழுத்தளவு பிடித்திருக்கிறது என்பதற்காக 4க்குத் தாவ வேண்டாம், 3இன் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இணையப் பக்கத்துக்கான எச்டிஎம்எல்லில் 6 மட்டங்கள் உண்டு. கட்டுரைக்கு 3 தாண்டினால் பகுப்பைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். நீண்ட அறிக்கைக்கு 1, 1.1, 1.1.1 என்று எண் வேண்டுமானால் அதையும் ஸ்டைலோடு இணைத்துவிடுங்கள், நடுவில் ஒரு பகுதியைச் சேர்த்தால் எண்கள் தாமே சரியாகும்.

ஆய்வுக் கட்டுரை என்றால்

இங்கே சொந்த ரசனைக்கு வேலையில்லை. எம்எல்ஏ முறையில் (சட்டமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, நவீன மொழிகளுக்கான ஒரு கழகத்தின் நடை இது) தலைப்பு நடுவில், சாதாரண எழுத்தில் வரும். தடிமன், அடிக்கோடு, மேற்கோள் குறி எதுவும் கூடாது. ஏபிஏ முறையின் (இது அமெரிக்க உளவியல் கழகத்தின் நடை) 7ஆம் பதிப்பு, 2019இல் வந்தது, தலைப்பை நடுவில் தடித்த எழுத்தில் கேட்கிறது. முகப்புப் பக்கத்தில் ஒருமுறை, கட்டுரை தொடங்கும் பக்கத்தில் இன்னொரு முறை. உள்ளே 5 மட்டங்கள். முதல் மட்டம் நடுவில் தடித்தது, இரண்டாவது இடப்பக்கம் தடித்தது, மூன்றாவது இடப்பக்கம் தடித்த சாய்வு. நான்காவதும் ஐந்தாவதும் பத்தியின் முதல் வரியிலேயே தொடங்கும். முற்றுப்புள்ளி வைத்து, அதே வரியில் பத்தி தொடரும். தலைப்பில் முற்றுப்புள்ளி வராது என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு.

ஏபிஏவில் எழுதுகிறவர்கள் 'முன்னுரை' என்று தலைப்பு போட்டுத் திருத்தம் வாங்குவது வழக்கம். அந்த முறையில் முன்னுரைக்குத் தனித் தலைப்பு இல்லை, கட்டுரைத் தலைப்பே அதன் தலைப்பு. உங்கள் துறை தனியாக ஒரு மாதிரிக் கோப்பு கொடுத்திருந்தால் அது இரண்டு முறையையும் மிஞ்சும். அதைத் திறந்து, அதற்குள்ளேயே எழுதத் தொடங்குங்கள். ஸ்டைல்கள் அதில் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தால் கை வைக்க வேண்டியது சொற்களில் மட்டும்தான்.